ஸிகியின் முழங்காலுக்குப் பதினான்கு நிமிடம்

ஸிக்முண்ட் டூடெக், எங்கள் தெருவுக்கு ஸிகி, எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சாசேஜ் தொழிற்சாலையில் இறைச்சி அரைக்கும் மெஷின்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். மெஷின் நின்றால் ஓடுவார். வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் அவருக்கு மலையைப் புரட்டுகிற வேலை. முதலில் பூட்ஸ் மாட்ட வேண்டும். மாட்டியதும் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். கண்ணாடி கிடைத்ததும் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வரும். பூட்ஸோடு சமையலறைக்குள் போனால் மனைவி ஹலினா கத்துவாள், அதனால் பூட்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மறுபடி மாட்ட வேண்டும்.

இதெல்லாம் முடிந்து தெருவில் இறங்கினால் வலது முழங்கால் இருக்கிறது. சிகாகோ குளிரில் அது அவர் பேச்சைக் கேட்காது. எங்கள் தெருவிலிருந்து மேம்பால ரயில் ஸ்டேஷனுக்கு நல்ல கால் உள்ளவன் நாலைந்து நிமிடத்தில் போய்விடுவான். ஸிகி பாதி தூரம் போவதற்குள் ரயில் அவர் தலைக்கு மேலேயே தடதடவென்று ஓடிப் போகும். அவர் நின்று அண்ணாந்து பார்ப்பார். பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஹலினாவும் நின்று பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் போகாமல் விட்ட ரயில்களை வரிசையாக நிறுத்தினால் பக்கத்து மாநிலம் வரை போகும்.

போன வருஷம் ஹலினாவின் தங்கை யாத்விகாவின் மகளுக்குக் கல்யாணம். நகரத்தின் தென்கோடியில் தேவாலயம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். ஹலினாவும் கையசைத்தாள். கல்யாண ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் அவளுடைய தொப்பி மட்டும் விழுந்திருந்தது.

இந்த ஜனவரியில் யாத்விகாவிடமிருந்து போன் வந்தது. கல்யாணமான அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். ஹலினாதான் ஞானத்தாய். குழந்தைக்குப் போடும் வெள்ளை அங்கியை ஞானத்தாய்தான் கொண்டுபோக வேண்டும். அது எங்கள் போலந்துக்காரர்களின் வழக்கம். அங்கி வராவிட்டால் குழந்தை அங்கி இல்லாமல்தான் நிற்கும். சாமியார் யாருக்காகவும் காத்திருக்கிற ஆள் இல்லை.

போனை வைத்துவிட்டு ஹலினா பீட்ரூட் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா நான் திரும்பி வரமாட்டேன். யாத்விகா வீட்ல ஒரு ரூம் சும்மா கிடக்கு. அங்கயே இருந்துக்குவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"உன் முட்டி சரியாகற வரைக்கும்."

"அது இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"தெரியும். நானும் கூட இருந்துதானே கேட்டேன்."

ஸிகி சூப்பைக் குடித்தார். ருசி தெரியவில்லை.

வேறொருவனாக இருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்பலாம் என்று முடிவு செய்திருப்பான். ஸிகிக்கு அது தோன்றவே இல்லை. மெஷின் பழுதானால் மெஷினைப் பிரிப்பார், மனுஷன் பழுதானாலும் ஒரு மெஷினைத்தான் தேடுவார். ரயில் எப்போது வருகிறது என்று வீட்டுக்குள்ளேயே காட்டும் பலகை ஒன்று செய்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

"அதான் போன்லயே வருதே," என்றாள் ஹலினா.

"போன் எங்க?"

ஹலினா சுற்றிலும் பார்த்தாள். போனைக் காணோம்.

"பாத்தியா?" என்றார் ஸிகி.

கடை வாசல்களில் எழுத்து ஓடுமே, அந்த மாதிரிச் சின்னச் சின்ன விளக்குகள் பதித்த தகடு இரண்டு வாங்கினார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினார். எந்த ரயில் எங்கே வருகிறது என்ற விவரத்தை ரயில்காரர்கள் இன்டர்நெட்டில் எல்லாருக்கும் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து விளக்கில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வீடியோவில் ஒரு ஆள் இதைச் சிரித்துக்கொண்டே செய்து காட்டினான். ஸிகி சிரிக்காமல் செய்தார். ஹலினா பியெரோகி கொழுக்கட்டைக்கு மாவு தேய்க்கும் பலகையில் வைத்து வயர்களை ஈயத்தால் பற்ற வைத்ததில் பலகை நடுவில் பொத்தலாகிவிட்டது.

முதலில் விளக்கு எரிந்தபோது பச்சையாகப் புழு நெளிவதுபோல் ஏதோ வந்தது. வயரைத் திருப்பிச் செருகினார். எழுத்து வந்தது, ஆனால் தலைகீழாக. தகட்டைக் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டுச் சட்டத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்தார். பிறகு மூன்று நாள் அந்தப் பலகை சொன்ன நேரங்களை ரசித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள்தான் தெரிந்தது, அதெல்லாம் எதிர்த்திசையில் போகிற ரயில்கள். அதையும் சரி செய்தார்.

அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தார். ரயில் எப்போது வரும் என்பது ரயிலின் விவகாரம். தனக்கு வேண்டியது, எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பது. முழங்காலுக்கு எட்டு நிமிடம், பூட்ஸுக்கு மூன்று, கண்ணாடிக்கு இரண்டு, அடுப்புக்கு ஒன்று. மொத்தம் பதினான்கு. ரயில் இருபது நிமிடத்தில் வருகிறது என்றால் பலகையில் ஆறு என்று வரும்படி செய்தார். ஆறு பூஜ்யமானால் எழுந்திருக்க வேண்டும். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்று நம்பினார்.

பலகையை முன்னறையில் டி.வி.க்கு மேல் மாட்டினார். அதன் சிவப்பு வெளிச்சம் ஹலினாவின் முகத்தில் விழுந்தது.

"சவ அடக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு. எடுத்துடு," என்றாள் அவள்.

ஜன்னலோரத்தில் வைத்தார். அப்போதும் கண்ணைக் குத்தியது. கடைசியில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி, தெருவைப் பார்த்தபடி திருப்பி வைத்தார். வீட்டுக்குள் நிம்மதி. வீட்டிலிருந்து எப்போது வெளியே வரவேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர் செருப்போடு வெளியே வந்து, படியிறங்கி, பனியில் நின்று, ஜன்னலைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போவார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவருக்குப் படவில்லை.

தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். ரயில் நேரம் என்று நினைத்தார்கள். வேறு என்ன நினைப்பார்கள்? ஆறு என்று கண்டவன் அடித்துப் பிடித்து ஓடினான். ஸ்டேஷனில் ஏறிப் பார்த்தால் ஒரு ரயிலும் பலகை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மேலே காற்று முகத்தைச் சீவியது.

மூன்றாம் வீட்டு எர்னஸ்டீன் அம்மாள்தான் முதலில் கதவைத் தட்டியது. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"ஸிகி ராசா, உன் ரயில் ஏன்டா தினமும் லேட்டு?"

"என் ரயிலா? எனக்கு ஏது ரயில்?"

"ஜன்னல்ல வெச்சிருக்கியே, அது."

"அது ரயில் நேரம் இல்ல, எர்னஸ்டீன். அது என் முட்டி நேரம்."

எர்னஸ்டீன் அவர் முழங்காலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "உன் முட்டிக்காகவா நான் ஒரு வாரமா மேல நின்னு விறைச்சேன்?"

"உன்னை யாரு பாக்கச் சொன்னது? என் ஜன்னல், என் முட்டி."

"தெருவைப் பாத்து வெச்சா அது தெரு சொத்து. ஒண்ணு உள்பக்கம் திருப்பு. இல்லைன்னா என் காலுக்கும் அதுல ஒரு வரி போடு."

உள்பக்கம் திருப்பினால் ஹலினா விடமாட்டாள். அதனால் பலகையில் எர்னஸ்டீன் பேருக்கு ஒரு வரி போட்டார். அன்றோடு அவர் நிம்மதி போயிற்று.

எர்னஸ்டீன் நேர்மையானவள். கடிகாரத்தோடு நடந்து பார்த்து ஐந்து நிமிடம் என்று வந்து சொன்னாள். மற்றவர்கள் அப்படி இல்லை. எதிர்வீட்டு லெஸ்டர் ரிட்டயர் ஆன தபால்காரர். தனக்கு நாலு நிமிடம் என்றார்.

"நடந்து காட்டு," என்றார் ஸிகி.

"ஏன்டா, காலம் பூரா நடந்தே சம்பளம் வாங்கினவன்கிட்ட நடந்து காட்டுன்னு சொல்றியா?"

எல்லாரும் வேடிக்கை பார்க்க லெஸ்டர் நடந்தார். முதல் வீடு வந்தது. அவர் கால் தானாகத் திரும்பி அந்த வீட்டுப் படியேறியது. கதவுவரை போய்விட்டு இறங்கினார். அடுத்த வீட்டிலும் ஏறினார். அதற்கடுத்த வீட்டிலும் ஏறினார். வலதுபக்கம் முடிந்ததும் தெருவைக் கடந்து இடதுபக்கம் போனார். ஸ்டேஷனைத் தொட்டபோது பதினொன்று ஆகியிருந்தது.

"பதினொண்ணு," என்றார் ஸிகி.

"நாலுன்னு போடு."

"பதினொண்ணு ஆச்சே, லெஸ்டர்."

"என் பொண்டாட்டி அந்தப் போர்டைப் பாக்கறா. நாலுன்னு போடு."

நாலு என்று போட்டார். அன்றிலிருந்து லெஸ்டர் ஒரு ரயிலையும் பிடிக்கவில்லை. ஆனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

சோளமாவில் அவித்த தமாலே விற்கும் பலாசியோஸ் வந்தார். அவர் ரயிலில் ஏறுகிறவர் இல்லை. ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கும்போது படிக்குக் கீழே சூடான பாத்திரத்தோடு நிற்க வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் பத்து நிமிடம். வழியில் நாலு பேர் நிறுத்தி வாங்கினால் இருபது. எதைப் போடுவது?

"பசியைப் பொறுத்துதான், அண்ணாச்சி," என்றார் பலாசியோஸ்.

"பசியைக் கம்ப்யூட்டர்ல எப்படிய்யா போடறது?"

குளிர் நாளுக்கு ஒன்று, சாதா நாளுக்கு ஒன்று என்று இரண்டு வரி போட வேண்டியதாயிற்று.

பலகையில் ஒரு தடவைக்கு நாலு வரிதான் தெரியும். பேர்கள் மாறி மாறி வந்தன. தன் பேர் வரும்வரை ஆட்கள் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். நின்று காலில் பனி ஏறியதும் ஆளுக்கொரு பக்கம் வழித்துத் தள்ளினார்கள். சிகாகோவில் ஒருவன் ஓரிடத்தில் பனியை வழித்துவிட்டு நாற்காலி போட்டால் அந்த இடம் அவனுடையது. கார் நிறுத்தத்தான் அந்த வழக்கம். இங்கே ஆள் நிறுத்த வந்துவிட்டது. ஒரு வாரத்தில் ஸிகி வீட்டு வாசலில் மடக்கு நாற்காலி, சமையலறை நாற்காலி, ஒரு கால் இல்லாத இஸ்திரி மேஜை என்று வரிசையாக நின்றன. அடுத்தவன் நாற்காலியை நகர்த்தினால் நகர்த்தியவன் காரின் டயரில் காற்று இருக்காது. ஆகவே யாரும் நகர்த்தவில்லை. ஹலினா குப்பையைப் போடுவதற்குப் பின்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றி வந்தாள்.

"நம்ம வீட்டுக்கு ஸ்டேஷன்னு பேர் வெச்சுடேன்," என்றாள்.

"எல்லாம் உனக்காகத்தானே, ஹலினா."

"எனக்காகன்னா என் பேர் எங்க அதுல?"

"என் பேர் இருக்கே. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே."

ஹலினா குழந்தையின் வெள்ளை அங்கியை மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மூலைவீட்டு விதவை அம்மாள் தன் நாயோடு வந்தாள். கிழட்டு நாய். பேர் டியூக். அம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவது அதுதான். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று நின்று போகும். தனக்கு வேண்டாம், டியூக்குக்கு ஒரு வரி போதும் என்றாள். ஸிகி போட்டுப் பார்த்தார். பலகை ஏற்கவில்லை. பதினாறு பேருக்குமேல் இடமில்லாமல் செய்து வைத்திருந்தார். இல்லையென்று சொன்னதும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். நாயும் ஒரு மாதிரி பார்த்தது.

யாரை எடுப்பது? எர்னஸ்டீனை எடுத்தால் கதவை உடைப்பாள். லெஸ்டரை எடுத்தால் அவர் வீட்டில் குடும்பச் சண்டை. சண்டைக்கு வராத ஆள் அந்தப் பட்டியலில் ஒருவர்தான் இருந்தார். ஸிகி தன் பேரை எடுத்துவிட்டு நாயின் பேரைப் போட்டார். நாளைக்கு மறுபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் சுத்தமாக மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை ஹலினா விடிந்ததுமே உடுத்தித் தயாராகிவிட்டாள். கம்பளிக் கோட்டு, தொப்பி, கையில் அங்கி வைத்த அட்டைப்பெட்டி.

"இப்பவே போயிடலாம். ஸ்டேஷன்ல உக்காந்திருப்போம்."

"குளிர்ல எதுக்கு? போர்டு சொல்லும். பூட்ஸு, கண்ணாடி, அடுப்பு எல்லாத்தையும் சேத்துத்தான் வெச்சிருக்கேன். அது கிளம்புன்னா கிளம்பறோம், கரெக்டா ரயில்."

அவர் செருப்போடு படியிறங்கி ஜன்னல் முன்னால் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம். நாற்காலிகளில் தேவாலயம் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எர்னஸ்டீன் ஊதாத் தொப்பியில் இருந்தாள். பேர்கள் வந்தன. எர்னஸ்டீன், லெஸ்டர், பலாசியோஸ் குளிர், பலாசியோஸ் சாதா. பிறகு வேறு நாலு பேர். பிறகு வேறு நாலு. பிறகு மூன்று பேரும் டியூக்கும். மறுபடி எர்னஸ்டீன்.

"இன்னும் வரலை," என்றார் ஸிகி.

"என்ன வரலை?" என்றாள் ஹலினா படியில் நின்றபடி.

"நம்ம பேர்."

மூன்று சுற்று பார்த்தார். மூன்றிலும் நாய் வந்தது, அவர் வரவில்லை. அப்போதுதான் சனிக்கிழமை நினைவு வந்து அவருக்கு முகம் வெளுத்தது.

"ஹலினா, நம்ம பேரை எடுத்துட்டு நாயைப் போட்டுட்டேன்."

ஹலினா அட்டைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அதனால என்ன, என்னோடதை வெச்சுக் கணக்குப் போடு," என்றார் லெஸ்டர். "எனக்கு நாலு, உனக்குப் பதினாலு. பத்து கழி."

"உங்களுக்கு நாலா?" என்றாள் லெஸ்டரின் மனைவி, நாற்காலியிலிருந்தே. "குளியலறைக்குப் போகவே உங்களுக்கு நாலு நிமிஷம் ஆகும்."

"என்னோடதைப் பாருங்க அண்ணாச்சி," என்றார் பலாசியோஸ். "ஆனா இன்னிக்குப் பசி எப்படின்னு தெரியலையே."

"டியூக்கைப் பாத்துப் போங்க," என்றாள் விதவை அம்மாள். "அவன் பொய் சொல்லமாட்டான்."

கழிப்பதா கூட்டுவதா என்று வாசலில் பெரிய சண்டை. ஸிகி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது என்று கணக்கு வந்தது. அப்படி வரக்கூடாது என்பதால் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

எர்னஸ்டீன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள். ஜன்னலில் அவள் பேருக்கு நேரே பூஜ்யம் வந்திருந்தது.

"ஹலினா," என்றாள். "உன் முட்டி எப்படி?"

"என் முட்டிக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு நின்னுட்டிருக்க? வா கண்ணு."

ஹலினா கணவனைப் பார்த்தாள். அவர் விரலை மடக்கியபடி நின்றார். அவள் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வெளியே போனாள். எதையும் நகர்த்தவில்லை. ஒன்றின் மேல் ஏறித் தாண்டினாள்.

ஹலினா நடப்பதை ஸிகி பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் பக்கத்தில்தான் இருப்பாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வேகத்துக்கு. இப்போது பார்த்தார். முதல் வீடு தாண்டுவதற்குள் எர்னஸ்டீனுக்குச் சமமாக வந்துவிட்டாள். அடுத்த வீட்டருகே எர்னஸ்டீன் பின்தங்கிவிட்டாள். "மெதுவா போடி!" என்ற எர்னஸ்டீனின் குரல் தெருக்கோடியிலிருந்து கேட்டது. கூரைகளுக்கு மேலே ரயில் வந்து நின்றது, கிளம்பியது.

"ஏறிட்டாங்க," என்றார் பலாசியோஸ்.

ஸிகி உள்ளே போய்ப் பூட்ஸ் மாட்டினார். கண்ணாடியைத் தேடினார். அடுத்த ரயிலையும் விட்டுவிட்டு, அதற்கடுத்த ரயிலில் ஏறினார். வழியெல்லாம் யாத்விகா வீட்டின் அந்தக் காலி அறையைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு கட்டிலும் ஒரு பழைய தையல் மெஷினும் இருக்கும். ஜன்னல் தெற்குப் பார்த்தது. ஹலினாவுக்கு வெயில் பிடிக்கும்.

தேவாலயத்தில் எல்லாம் முடிந்திருந்தது. கீழ்த்தளத்துக் கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. குழந்தை வெள்ளை அங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் போனில் எடுத்த படங்களை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாப் படத்திலும் ஹலினா நட்டநடுவில், முழுசாக, தொப்பியோடு நின்றாள்.

ஸிகி அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து, உட்காரலாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரு. சூப் ஆறிடுச்சு, கேட்டா வேற தருவாங்க."

உட்கார்ந்தார். "பூசைக்கே வந்துட்டியா?"

"பூசைக்கு முன்னாடியே. மூணாவது பெஞ்சு. சாமியார் கிட்ட வந்து, நீங்க ஊருக்குப் புதுசாம்மான்னு கேக்கறார்."

ஸிகி கரண்டியை எடுத்துக் கீழே வைத்தார். "அந்த ரூம்..."

"எந்த ரூம்?"

"யாத்விகா வீட்ல. நீ சொன்னியே."

ஹலினா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள். "நேரத்துக்கு வந்தாச்சே. எதுக்கு ரூமு?"

"ஆனா நான் லேட்டு."

"நீ லேட்டுதான். இனிமே உன் லேட்டு உன்னோடது. என் பேருக்கு அதுல ஒரு வரி போடு. நாலு நிமிஷம். எர்னஸ்டீன் சாட்சி."

"பதினாறு பேருக்கு மேல ஏறாதே."

"நாயைத் தூக்கு."

"அந்தம்மா அழுவாங்க, ஹலினா."

"சரி, லெஸ்டரைத் தூக்கு. அவர் பொண்டாட்டி சந்தோஷப்படுவா."

இப்போதெல்லாம் டூடெக் தம்பதி எங்கே போனாலும் இரண்டு ரயிலில் போகிறார்கள். ஹலினா முன் ரயிலில் போய் இடம் பிடித்து, கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டு வைக்கிறாள். ஸிகி இரண்டு ரயில் கழித்து வந்து அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். திரும்பி வரும்போது மட்டும் இருவரும் கைகோத்து ஒரே ரயிலில் வருகிறார்கள். வீட்டுக்கு லேட்டாகப் போனால் கேட்பதற்கு ஆள் கிடையாது.